பத்து எண்ணிவிட்டுப் பதில் சொன்ன கம்ப்யூட்டர்

தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் நம் அடையாறில்தான் இருந்தது. மூக்கில் எட்டுக்கல் வைரப் பேசரி போட்டுக்கொண்டு, ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, தினமும் காலையில் நெற்றிக்கு இட்டுக்கொண்டு, 29C பஸ்ஸில் ஏறி அது வேலைக்கு வந்தது.

கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். உலகத்தின் முதல் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஒன்பது கஜமும் இல்லை, ஆறு கஜம் சுங்குடி. மற்றதெல்லாம், பஸ் நம்பர் உட்பட, சத்தியம்.

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் ஜானகி. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள், எல்லோருக்கும் ஜானு. 1997-இல் நாற்பத்தெட்டு வயது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்த கம்பெனி பெருங்குடிக்கு இடம் மாறியபோது, இரண்டு பஸ் மாற வேண்டுமே என்று பயந்து வேலையை விட்டவள்.

பயப்படுவதில் அவளுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று மந்தைவெளி ஸ்டாப்பில் பயப்படுவாள். அணைத்துவிட்டோம் என்று நினைவு வந்ததும், இவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரிகிறது என்று பயப்படுவாள். பம்பாயில் இருக்கும் மகள் மாளவிகாவிடமிருந்து கடிதம் வராவிட்டால் பயம். வந்தால், பிரிப்பதற்கு முன் பயம். இவற்றுக்கெல்லாம் தாயான பயம் ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் அவளுடைய அப்பாவை வேலூருக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போனார்கள். நாலு நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை, தந்திதான் வந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் சொல்வதில்லை. உறவில் யாராவது போய்வந்தால்கூட, 'காட்பாடிக்கு அந்தண்டை' போய்வந்தார்கள் என்றே பேச்சு. கணவர் சங்கரன் இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

சங்கரன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டிடப் பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். எதையும் எண் போட்டு எழுதுவார், எண் போட்டே பேசுவார். காய்கறிச் சீட்டில்கூட '1) கத்தரிக்காய். 2) பிஞ்சாக இருக்க வேண்டும்.' கல்யாணமான புதிதில் மாமனாருக்கு எழுதிய முதல் கடிதம் '1) க்ஷேமம்.' என்றுதான் ஆரம்பித்தது. ஜானு எடுத்துக் காட்டி, அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஜானுவுக்கு வேலை கிடைத்தது. அடையாறு காந்திநகரில் ஒரு பழைய பங்களா. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஸ்ரீரங்கன் என்ற இளைஞர் அங்கே ஏதோ ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். மனிதனோடு கூட உட்கார்ந்து, பேசிப் பேசி, ஒரு காரியத்துக்கு இருவருமாகத் திட்டம் போடும் புரோகிராம். பெயர் 'துணை'. உத்தரவு போட்டால் செய்கிற வேலைக்காரன் இல்லை அது. நாம் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, இருவரும் சரி என்றால்தான் திட்டத்தில் ஒரு வரி ஏறும்.

"ரொம்ப நன்னா இருக்கு. புரோகிராம் எங்கே?" என்று கேட்டாள் ஜானு.

"அதுதான் மாமி சங்கடம். எழுதறதுக்கு முன்னாடி, ஜனங்கள் அதோட எப்படிப் பேசுவான்னு தெரியணும். தெரிஞ்சுக்கணும்னா புரோகிராம் வேணும். புரோகிராம் இல்லை. அதனால நீங்கள்."

இதுதான் ஏற்பாடு. கீழே ஓர் அறையில், பரிசோதனைக்கென்று வந்தவர் கம்ப்யூட்டர் முன் உட்காருவார். பேசுவது இயந்திரம் என்று அவரிடம் சொல்லியிருக்கும். மாடியில், பின்படி வழியாக முன்னதாகவே ஏறிப் போய், இன்னொரு கம்ப்யூட்டர் முன் ஜானு. அவர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார். இவள் தமிழில் பதில் அடிப்பாள். திரையின் வலப்பக்கம் 'நம் திட்டம்' என்று ஆறு வரிகள்: யார், எந்த ஊர், எந்த நாள், எப்படி, எங்கே தங்குவது, எப்போது திரும்புவது. இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் வரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும்.

பச்சை அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். 'நான்' என்று சொல்லக் கூடாது, 'நாம்'தான். முடிவாகாத வரியைப் பற்றிக் கேட்கலாம், யோசனை சொல்லலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எதிராளி சொல்லாத எதுவும் துணைக்குத் தெரியாது. இது ஆறாம் விதி, அடியில் சிவப்புக் கோடு போட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் முன் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் உடனே பதில் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியாக, இந்த விஷயத்தைக் கணவரிடம்கூடச் சொல்வதில்லை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து. ஒரே ஓர் ஆளுக்குத் தெரிந்தாலும் மொத்த ஆராய்ச்சியும் வீண் என்று ஸ்ரீரங்கன் சொன்னதில், காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் 'ஆராய்ச்சிக் கட்டுரை டைப் அடிக்கிறேன்' என்று சொல்லி வைத்தாள்.

மூன்று மாதம் அவள் பட்ட பாடு! தும்மல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள், இயந்திரம் தும்முமா? வளையல் மேஜையில் பட்டால் கீழே கேட்டிருக்குமோ என்று ஐந்து நிமிஷம் அசையாமல் இருப்பாள். இத்தனை பேரை ஏமாற்றுகிறோமே என்று வெள்ளிக்கிழமை கபாலி கோயிலில் தோப்புக்கரணம் வேறு. எல்லாவற்றையும்விட வாய்தான் பயமாக இருந்தது. வீட்டில் சாதம் வடித்துக்கொண்டே ஒரு நாள், "நாம் அடுத்து முடிவு செய்ய வேண்டியது, ரசமா மோர்க்குழம்பா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சங்கரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு, ரசம். ரெண்டு, நன்னாக் காரமா. தொண்டைக்கு இதமா இருக்கும்" என்றார். அவருக்குக் குரல் கம்மியிருந்தது. மழை ஈரம் என்றார். அவளும் தினமும் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

பங்களா வாட்ச்மேன் துரைராஜ்தான் அவளுக்கு டீ கொண்டு வருவார். அவள் உதடு முணுமுணுப்பதைப் பார்த்து, "இன்னாம்மா, ஜபமா?" என்று முதல் வாரமே கேட்டார். கட்டிடத்துக்குள் இருக்கிறவர்தானே என்று, பத்து எண்ணுகிற விதியை அவரிடம் சொல்லியிருந்தாள்.

நவம்பர் முதல் வாரம் ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். பதினொரு மணிக்குத் துரைராஜ் அதைக் கொண்டுவந்து வைத்தார்.

"கண்ணாடி இல்லாம இன்னாத்த அடிப்ப நீ? உங்க வூட்டுக்காரரு குடுத்துட்டுப் போறாரு."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "மேலே வந்தாரா?"

"வாணாம்னுட்டாரு. கீயவே நின்னு கொஞ்ச நேரம் பேசிகினு இருந்தாரு. பாவம், தொண்ட கட்டிக்கீது அவருக்கு."

மேலே வரவில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை. பதினாலாவது ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீரங்கன் மாடியேறி வந்து, வழக்கம்போல் அவளுக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். வந்திருப்பவர் யாரென்று ஜானுவுக்குச் சொல்வதில்லை, எண் மட்டும்தான்.

ஜானு அடித்தாள்: "வணக்கம். நாம் ஒரு பயணத்தைத் திட்டமிடப் போகிறோம். எந்த ஊருக்குப் போகிறோம்?"

பதில் வர வெகுநேரம் ஆனது. பிறகு மூன்று வரிகள் ஒன்றாக வந்தன.

"1) வேலூர். 2) வியாழக்கிழமை, காலை ரயில், காட்பாடி வரை. 3) ஒருவர்."

முதலில் அவள் ஊரின் பெயரைத்தான் பார்த்தாள். பதினோரு வருஷமாக வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்த பெயர், திரையில் வந்து உட்கார்ந்திருந்தது. பத்து எண்ண ஆரம்பித்து ஆறில் நின்றாள். எண்களும், பக்கத்தில் அடைப்புக்குறியும், ஒவ்வொன்றின் முடிவிலும் தவறாத புள்ளியும் அப்போதுதான் கண்ணில் பட்டன. ஊரில் எத்தனையோ பேர் எண் போட்டு எழுதுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல் மட்டும் அதைக் கேட்கவில்லை. இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தது.

"நாம் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தால் தங்குமிடத்தை முடிவு செய்யலாம்."

"4) தொண்டை. இரண்டு மாதமாகக் கம்மல். உள்ளே ஒரு கட்டி இருப்பதாக லஸ் டாக்டர் சொல்கிறார். வெட்டிச் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே தங்கல். 5) வீட்டில் தினமும் சுக்குக் கஷாயம். பலன் இல்லை. அவளிடம் சொல்லவில்லை."

அன்று காலை ஏழு மணிக்கு அவள் கொடுத்த கஷாயம். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆபீஸுக்கு என்று குடையோடு கிளம்பியவர், இப்போது அவள் காலுக்கு நேர் கீழே, பன்னிரண்டு அடி ஆழத்தில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து கீழே ஓடிவிடலாம். பதினேழு படிதான். ஆனால் அவளுக்கு அவரைத் தெரியும். அவளைக் கண்டதும் சிரிப்பார். ஒண்ணு, ஒண்ணுமில்லை, ரெண்டு, நீ போய் வேலையைப் பார் என்பார். வியாழக்கிழமை செங்கல்பட்டில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் காட்பாடிக்கு ரயில் ஏறிவிடுவார். அதன்பின் அப்பா போனபோது வந்ததுபோல் ஒரு தந்தி வரும். ஜானுவாக இறங்கினால் அவளுக்கு எதுவும் கிடைக்காது. இயந்திரமாக உட்கார்ந்திருந்தால், அவர் பேசுகிறவரைக்கும் கேட்டுக்கொண்டாவது இருக்கலாம்.

உட்கார்ந்திருந்தாள். பத்து எண்ணினாள். 

"வீட்டில் இருப்பவர் நம்முடன் வரலாமே?"

"6) அவளுக்குத் தெரியக் கூடாது. பயந்துவிடுவாள். 7) அவள் அப்பா அந்த ஊரில்தான்." அந்த வரி அங்கேயே நின்றுவிட்டது.

"எப்போது திரும்புகிறோம்?"

"8) அந்த வரியைக் காலியாக விடவும்."

"காலியாக விட்டால் நம் திட்டம் முடிவாகாது."

"9) எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

அதுவரை யாரும் துணையை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். பின்னாலிருந்து ஸ்ரீரங்கன் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அந்தத் தகவல் நம்மிடம் இல்லை என்று போட வேண்டும். விதிப்புத்தகத்தில் இருபதாம் பக்கம். அவள் வேறு அடித்தாள்.

"'யார்' என்ற வரியில் இருவர் என்று போடுவது நம் யோசனை. அப்படியானால் திரும்பும் நாளை அங்கே போய்ச் சேர்ந்து முடிவு செய்யலாம்."

"10) அவள் தாங்கமாட்டாள்."

பத்து எண்ணினாள். போதவில்லை, இன்னொரு பத்து எண்ணினாள். மழைச் சத்தம் அதிகமாகிவிட்டிருந்தது. "தாங்குவாள்" என்று அடித்து அனுப்பினாள்.

ஸ்ரீரங்கன் முன்னால் குனிந்தார். "மாமி, ஆறாம் விதி. அது நமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜானு, திரும்பாமல். ஸ்ரீரங்கன் அவள் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 

அவள் கடகடவென்று அடித்துக்கொண்டே போனாள். "காட்பாடி ஸ்டேஷனில் மேம்பாலப் படிகள் அதிகம். இடது முழங்காலை வைத்துக்கொண்டு தனியாகப் பெட்டியும் தூக்கி ஏற முடியாது. ஆகவே இருவர். ஒப்புக்கொள்கிறீர்களா?"

அனுப்பிய பிறகுதான் படித்தாள். முழங்காலைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

திரை அப்படியே நின்றது. கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார், படியேறி வரப்போகிறார் என்று நினைத்தாள். போய்விடுவார் என்றும் நினைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் நூறைத் தாண்டியிருக்கும்.

"11) ஒப்புக்கொள்கிறேன். இருவர்."

பச்சைப் புள்ளி விழுந்தது. கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. அதற்கும் ஒரு பதில் வந்தது: "12) திரும்பும் நாளை அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்."

ஜன்னலருகே போகக் கூடாது என்பதும் ஒரு விதி. போனாள். கேட்டைத் தாண்டி ஒரு கறுப்புக் குடை மட்டும் தெரிந்தது. அதன் பிடியில் அவளே சுற்றிக் கொடுத்திருந்த சிவப்பு நூல்.

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது குடை கூடத்தில் விரிந்து காய்ந்துகொண்டிருந்தது. காப்பி கலந்து வைத்தாள். அவர் குடித்து முடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜானு. வியாழக்கிழமை ஓர் ஊருக்குப் போகணும். ரெண்டு பேரும்."

எங்கே என்று கேட்க வேண்டும். தெரியாதவள் அப்படித்தான் கேட்பாள். "எங்கேன்னா?" என்று கேட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி எண்ணத் தொடங்கினாள். எட்டு வரும்போது அவர் சொன்னார்.

"வேலூர்."

அந்தப் பெயர் அந்தச் சமையலறையில் விழுந்து, எதுவும் உடையாமல் கிடந்தது. பத்துவரை எண்ணி முடித்தாள். "ஃபிளாஸ்க்கைத் தேடி எடுக்கணும்" என்றாள்.

"எப்பத் திரும்புவோம்னு நீ கேக்கலையே?"

"ரெண்டு பேருமாப் போறோம். ரெண்டு பேருமா வருவோம், அவ்வளவுதானே."

சொல்லிவிட்டாளே தவிர, பயம் ஒரு குண்டுமணியளவும் குறையவில்லை. வேலூரில் பத்தொன்பது நாள். அப்பாவைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்று அவள் மனதில் கண்டிருந்ததுபோலவே ஒரு நீளமான தாழ்வாரம்.  சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கட்டியை எடுத்த பிறகு, முடிவு வர ஒன்பது நாள் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் அவர் பேசக் கூடாது. ஒரு ஸ்லேட் வாங்கிக் கொடுத்தாள். '1) இட்லி ஆறிவிட்டது. 2) நீ தூங்கு.' என்று அவர் எழுதிக் காட்டுவார். அவள், "நாம் முடிவு செய்ய வேண்டியது ஒண்ணுதான். ரெண்டாவது இட்லியைச் சாப்பிடப் போறோமா இல்லையா?" என்பாள். ராத்திரிகளில் மட்டும் ஸ்லேட்டைத் தலைமாட்டில் கவிழ்த்து வைப்பாள். அவர் ஏதாவது எழுதி வைத்திருந்து, காலையில் தனியாக அதைப் படிக்க நேர்ந்துவிடுமோ என்று பயம்.

பத்தாம் நாள் டாக்டர் வந்து, கெட்ட கட்டி இல்லை என்றார். ஜானு பத்து எண்ணினாள். அப்புறம் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். சங்கரனின் குரல் திரும்பி வந்தது, ஆனால் மணலில் சலித்தெடுத்த குரலாக.

ஸ்ரீரங்கன் பதினாலாவது ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 'இயந்திரம் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசியது' என்று ஒரு வரி எழுதி அந்தக் காகிதங்களைத் தனியாகக் கட்டி வைத்தார். அடுத்த வருஷம் நிஜமாகவே ஒரு புரோகிராம் எழுதினார்கள். அது உடனுக்குடன் பதில் சொன்னதாம்.

சங்கரன் இயந்திரத்தின் குட்டை உடைத்தது அந்த முழங்கால் வரியில்தான் என்பது ஜானுவின் கட்சி. இத்தனை நாளாய் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. கதைக்கும் அதுதான் அழகு என்று அப்படியே எழுதியாயிற்று. எழுதியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். ஜானு கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஊஞ்சலில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து வைத்துக்கொண்டிருந்த சங்கரன், தூங்குகிறார் என்றுதான் இருவரும் நினைத்தோம். படித்து முடித்ததும் பேப்பரை நாலாக மடித்தார்.

"ஒண்ணு," என்றார் அந்தக் கரகரத்த குரலில். "பேசரியில எட்டுக் கல் இல்லை, ஏழு. ஒரு கல் மாளவிகா கல்யாணத்திலேயே விழுந்துடுத்து. ரெண்டு. முழங்கால் வரியில கண்டுபிடிச்சேங்கறது தப்பு. கண்ணாடி கொடுக்கப் போன அன்னிக்கே துரைராஜ் சொல்லிட்டார், மாடியில உக்காந்துண்டு பேசறது யாருன்னு. அன்னிக்கே பரிசோதனைக்குப் பேரும் கொடுத்தேன். மூணு."

ஜானுவின் கத்தி நின்றது.

"நேர்ல சொன்னா இவ உடனே அழுதுடுவா. அழுதா எனக்கு மேலே பேச வராது. மிஷின்னா பத்து எண்ணிட்டுத்தான் பதில் சொல்லணுமாம், அதையும் துரைராஜ்தான் சொன்னார். அந்தப் பத்துக்காகத்தான் அங்கே போனேன்."